உச்சியோடு கணவாயையும் அளக்க வேண்டும்: உயரமும் புடைப்பும் கொண்டு மலைகளை வகைப்படுத்தும் முறை

உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய மலைகள் பதினான்கு என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஐந்தாவது இடத்தில் மகாலு, 8,485 மீட்டர். ஆனால் கஞ்சன்ஜங்காவின் மேற்கே நிற்கும் யாலுங் காங் 8,505 மீட்டர். மகாலுவைவிட உயரம், இருந்தும் பதினான்கில் இடமில்லை. அதற்கும் கஞ்சன்ஜங்காவின் தலைமை உச்சிக்கும் இடையிலுள்ள பள்ளத்திலிருந்து அது எழுவது சுமார் 135 மீட்டர்தான். அதனால் அது தனி மலையாகாமல், கஞ்சன்ஜங்காவின் ஒரு தோளாகவே கணக்கில் வருகிறது.

பட்டியல் போட்டு மலையேறுபவர்கள் இந்த எழுச்சியைப் பிராமினன்ஸ் என்பார்கள். தமிழில் புடைப்பு. ஓர் உச்சியிலிருந்து அதைவிட உயரமான நிலத்துக்குப் போக எந்த வழியில் சென்றாலும் கொஞ்சம் இறங்கித்தான் ஆகவேண்டும். எல்லா வழிகளிலும் மிகக் குறைவாக இறங்கவைக்கும் வழியைத் தேர்ந்து, அதன் அடிமட்டப் புள்ளியை உச்சியின் உயரத்திலிருந்து கழித்தால் புடைப்பு கிடைக்கும். அந்தப் புள்ளியே முக்கியக் கணவாய். ஒரு தீவின், அதாவது நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலத்தின், தலைமை உச்சிக்குக் கடல்மட்டமே கணவாய். இலங்கையின் பிதுருதலாகலைக்கு உயரமும் 2,524 மீட்டர், புடைப்பும் அதுவே.

முதலில் வரம்பை எழுதிவையுங்கள்

அளந்துவிட்டு வரம்பு வைத்தால் பிடித்த மலைக்காக வரம்பு வளையும். குறைந்தபட்ச உயரம், குறைந்தபட்சப் புடைப்பு, அலகு ஆகிய மூன்றையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இந்த வழக்கம் ஊறிப்போன பிரிட்டனில் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஸ்காட்லாந்தின் 3,000 அடிக்கு (914.4 மீட்டர்) மேற்பட்ட மலைகள் மன்றோ. ஹியூ மன்றோ 1891இல் வெளியிட்ட இந்தப் பட்டியலில் இன்று 282 மலைகள் உள்ளன. 2,500 முதல் 3,000 அடி வரை, 500 அடி புடைப்புடன் இருந்தால் கார்பெட். உயரம் எதுவானாலும் 150 மீட்டர் புடைப்பு இருந்தால் மேரிலின். இந்த வரையறை ஆலன் டாசன் 1992இல் கொண்டுவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்தில் 2,000 அடியும் 30 மீட்டர் புடைப்பும் இருந்தால் ஹியூவிட். உலக அளவில் 1,500 மீட்டர் புடைப்புள்ளவை அல்ட்ரா.

மன்றோவுக்கு மட்டும் எண்ணில் சொன்ன புடைப்பு வரம்பு கிடையாது. எது தனி மலை, எது துணை உச்சி என்பதைப் பட்டியலைப் பராமரிக்கும் சங்கம் பார்வையால் தீர்மானிக்கிறது. பழைய பட்டியல் என்பதால் அதற்கு அந்த மரியாதை பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்கள் எண்ணில் வரம்பு வைப்பதே நல்லது, பிறகு வாதத்துக்கு இடமிருக்காது. இந்தியாவில் தொடங்குவதானால் அலகு மீட்டராகவே இருக்கட்டும், நம் நில வரைபடங்கள் மீட்டரில்தான் இருக்கின்றன.

வரைபடத்தில் கணவாயைக் கண்டுபிடித்தல்

சம உயரக் கோடுகளுள்ள வரைபடத்தில் உங்கள் உச்சியைச் சுற்றிய மிகச் சிறிய வளையத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வளையமாகக் கீழே இறங்குங்கள். ஒவ்வொன்றையும் பென்சிலால் முழுச்சுற்று தடவி, உள்ளே உங்கள் உச்சியைவிட உயரமான இடம் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த வளையத்தில் முதன்முதலாக உயரமான உச்சி ஒன்று உள்ளே வருகிறதோ, அதற்கும் அதன் முந்தைய வளையத்துக்கும் நடுவில்தான் முக்கியக் கணவாய் இருக்கிறது. வளையம் தாளின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த தாளை ஒட்டித் தொடருங்கள். ஓரத்திலேயே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். உச்சியைச் சுற்றிய மிகச் சிறிய வளையம் 1,240. 1,120 வளையத்துக்குள் உங்கள் உச்சி மட்டும், 1,100இல் பக்கத்துப் பெரிய உச்சியும் சேர்ந்துவிடுகிறது. உச்சி 1,240க்கும் 1,260க்கும் இடையே, கணவாய் 1,100க்கும் 1,120க்கும் இடையே. ஆகவே புடைப்பு குறைந்தது 120, அதிகபட்சம் 160, நடுமதிப்பு 140. வரம்பு 150 என்றால் இந்த மலை சேருமா சேராதா என்று இந்த வரைபடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. உச்சியில் 1,253 என்று புள்ளி உயரம் அச்சாகியிருந்தால் வீச்சு 133 முதல் 153 வரை சுருங்கும், ஆனாலும் சந்தேகம் தீராது. இத்தகைய மலைகளைத் தனிப் பக்கத்தில் எழுதி, களத்தில் அளக்க ஒதுக்கிவையுங்கள். நடுமதிப்பை மட்டும் எழுதிவிட்டு வீச்சை விட்டுவிட்டால், பின்னால் பார்ப்பவருக்கு அது அளந்த எண்ணா, மதிப்பீடா என்று தெரியாமல் போய்விடும்.

பள்ளத்தாக்கின் அடியைக் கணவாயாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. தொட்டபெட்டாவைப் பாருங்கள். உயரம் 2,637 மீட்டர். அதைவிட உயர்ந்த நிலத்துக்குப் போக, தெற்கே பாலக்காட்டு இடைவெளியைக் கடந்து 2,695 மீட்டர் ஆனைமுடிக்குப் போக வேண்டும். பாலக்காடு ஊர்ப்பக்கம் நிலம் 100 மீட்டருக்கும் கீழே. அதைக் கழித்தால் புடைப்பு 2,530க்கு மேல் வரும். ஆனால் பட்டியல்களில் இருப்பது 2,256 மீட்டர், அதாவது கணவாய் 381 மீட்டரில். பாலக்காடு வழியாக இறங்கித்தான் தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிழக்கே, நொய்யல் காவிரிக்கும் ஆழியாறு பாரதப்புழைக்கும் பிரிந்து ஓடும் நீர்ப்பிரிமேட்டின் மேலேயே நடந்தால் அவ்வளவு இறங்க வேண்டாம். பார்வைக்கு அது சமவெளி, தென்னந்தோப்பும் தறிப்பட்டறையும் இருக்கிற சாதாரண நிலம். கணவாய் என்றதும் இரு பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவைத் தேடக்கூடாது. கணவாய் எப்போதும் நீர்ப்பிரிமேட்டின் மேல்தான் இருக்கும். எந்த மலைக்கும் ஆறுகளின் பிரிவைப் பார்த்தால் தேடல் பாதியாகக் குறையும்.

நடைபாதையின் இறக்கமும் புடைப்பும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் தலைமை உச்சியான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், பக்கத்து ஸ்காஃபெல் 964. நடுவில் மிக்கில்டோர் கணவாய். அங்கிருந்து ஸ்காஃபெல்லுக்கு நேராக ஏற பாறைச்சுவர் தடுக்கிறது, நடப்பவர்கள் இன்னும் கீழே இறங்கிச் சுற்றித்தான் போகிறார்கள். புடைப்புக் கணக்குக்கு அந்தச் சுற்று சேராது. கணவாயிலிருந்து ஸ்காஃபெல்லின் எழுச்சி சுமார் 132 மீட்டர். எனவே அது ஹியூவிட், ஆனால் மேரிலின் இல்லை.

கணினி உயரத் தரவு

விண்ணோடம் 2000 பிப்ரவரியில் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசம். சுமார் 30 மீட்டர் கட்டங்களில் கிடைக்கிறது. கூரான உச்சி கட்டத்துக்குள் சராசரியாகிக் குறைந்து வரும், இருபுறமும் சரிவான ஒடுங்கிய கணவாய் சுவர்களோடு கலந்து உயர்ந்து வரும். இரண்டுமே புடைப்பைக் குறைத்துக் காட்டும். ரேடார் மரக்கூரைக்குள் முழுதாக இறங்காது என்பதால் சோலைக்காடு மூடிய கணவாயில் பிழை இன்னும் கூடும், புல்வெளி உச்சியில் அந்தச் சிக்கல் இல்லை. வரம்பை விடச் சிறிது குறைவாக வரும் காட்டு மலைகளை இந்தத் தரவை நம்பி நீக்கிவிடாதீர்கள். லேசர் அளவைத் தரவு கிடைக்கும் இடங்களில் அதையே எடுங்கள், அது இலைகளுக்கு இடையே தரையைத் தொடும்.

களத்தில்

கைபேசி காட்டும் உயரத்தை அப்படியே எழுதாதீர்கள். சில செயலிகள் கடல்மட்டத்திலிருந்து அளக்காமல், பூமியின் கணித வடிவமான நீள்வட்டகத்திலிருந்து அளக்கும். தமிழ்நாட்டில் இதனால் 80 முதல் 100 மீட்டர் வரை குறைவாகக் காட்டும், பிரிட்டனில் ஏறக்குறைய 50 மீட்டர் அதிகமாக. கடற்கரையில் நின்று ஒருமுறை பார்த்தால் உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துவிடும். உச்சியும் கணவாயும் அருகருகே இருந்தால் இரண்டிலும் ஒரே பிழை, கழிக்கும்போது அடிபட்டுப்போகும்.

காற்றழுத்த மானியும் நல்ல கருவிதான். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவது சுமார் 8 மீட்டர் ஏற்றம், 2,000 மீட்டரில் சுமார் 10. வானிலை மாறினால் எண்ணும் நகரும். ஆகவே கணவாய், உச்சி, மறுபடி கணவாய் என்று மூன்று முறை குறியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரமும் எழுதுங்கள். கணவாயின் இரு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரத்துக்கேற்பப் பங்கிட்டு உச்சியின் எண்ணைத் திருத்துங்கள். புயல், இடி நாளில் இந்த வேலை வேண்டாம்.

எந்தப் புள்ளியில் கருவியை வைப்பது? உச்சியில் இயற்கை நிலத்தின் மிக உயர்ந்த இடம். கற்குவியல், கோபுரம், கோயில் மேடை கணக்கில் இல்லை. கணவாய் தட்டையாக இருந்தால் முகட்டின் நெடுகே நடந்து தாழ்ந்த இடத்தைப் பிடியுங்கள், அங்கிருந்து குறுக்கே நடந்து உயர்ந்த இடத்தைப் பிடியுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் புள்ளி. சாலைக்காகக் கணவாயை வெட்டியிருந்தால் வெட்டுக்கு முந்தைய நிலமட்டத்தை ஓரச்சுவர்களிலிருந்து மதிப்பிடுங்கள்.

வரம்புக்கு ஒரு மீட்டர் இப்படி அப்படி என்றால் இரட்டை அலைவரிசை செயற்கைக்கோள் கருவியை மணிக்கணக்கில் அசையாமல் வைத்து அளக்க வேண்டும். 2009இல் ஸ்கூர் நன் கியன்னைஹன் 913.43 மீட்டர் என்று அளக்கப்பட்டு மன்றோ தகுதியை இழந்தது, குறைவு ஒரு மீட்டருக்கும் கீழே. இங்கிலாந்தின் காஃப் டாப் 2016இல் 609.606 மீட்டர் என்று திருத்தப்பட்டு 2,000 அடிக் கோட்டை 6 மில்லிமீட்டரில் தாண்டியது. கடல்மட்டக் கணக்கின் மாதிரியைப் புதுப்பித்ததால் வந்த மாற்றம் அது. ஆகவே ஒவ்வொரு மலைக்கும் உச்சி உயரம், கணவாயின் அட்ச தீர்க்க ரேகை, கணவாய் உயரம், புடைப்பின் வீச்சு, அளந்த முறை, நாள் ஆறும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். அடுத்த திருத்தம் வரும்போது எந்த மலைகளை மறுபடி பார்க்க வேண்டும் என்பதை அந்த வீச்சுப் பத்தி காட்டிவிடும்.