கடற்படையில் சேரும் முன் இசைப் பயிற்சியைக் கணக்கில் எடுப்பது எப்படி

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் முலுண்டிலும், பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் உள்ள பிள்ளைகளின் வீடுகளில், “இத்தனை வருஷம் கற்றுக்கொண்ட மிருதங்கத்தை விட்டுவிட்டா கடற்படைக்குப் போவது?” என்ற பேச்சு எழுவதுண்டு. மேற்குக் கடற்படைத் தலைமையகமே மும்பையில் இருப்பதால் சீருடை நமக்கு அன்றாடக் காட்சி. கர்நாடக இசை வகுப்பும் அதே அளவுக்கு அன்றாடம். இந்தக் கேள்வியை எந்தப் பணி, எத்தனை ஆண்டு, எந்த இசை என்று பிரித்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். பொழுதுபோக்காக இசை பயிலும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. வீணை வாசிப்பவருக்குச் சொல்லும் விடையைக் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பயில்பவருக்குச் சொல்ல முடியாது.

எந்த ‘நேவி’ என்பதை வீட்டில் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியக் கடற்படை பாதுகாப்புப் படை. மெர்ச்சன்ட் நேவி என்பது வணிகக் கப்பல்களில் ஒப்பந்த வேலை. பின்னதில் சில மாதங்கள் தொடர்ந்து கடலில் இருந்துவிட்டு, அதன்பின் சில மாதங்கள் முழுமையாக வீட்டில் இருக்கலாம். குருவிடம் அடைமழைபோல் கற்று, பிறகு நீண்ட நாள் தனியே அசைபோடும் இயல்புடையவருக்கு அந்த முறை ஒத்துவரக்கூடும். ஆனால் அதில் ஆளெடுக்கும் முகவர்களிடம் பணம் கட்டி ஏமாறுவோர் உண்டு என்பதால், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். அந்த இயக்ககத்தின் தலைமை அலுவலகமும் இதே மும்பையில்தான் உள்ளது. இனி இங்கே சொல்வதெல்லாம் இந்தியக் கடற்படையைப் பற்றியது.

மாலுமியாகச் சேர இன்றுள்ள வழி, 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டம். பதினேழரை முதல் 21 வயதுவரை உள்ள, திருமணமாகாத ஆண்களும் பெண்களும் விண்ணப்பிக்கலாம். பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணியில் தொடர்வர். திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்டபடி, முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு சேமநிதிக்குப் பிடிக்கப்படும், அதே அளவை அரசும் செலுத்தும். வெளியேறும்போது பத்து லட்சத்துக்குச் சற்று மேல் கைக்கு வரும், ஓய்வூதியம் இல்லை. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. இசையின் கண்கொண்டு பார்த்தால் இது நான்கு ஆண்டு இடைவெளிதான், 22 அல்லது 24 வயதில் திரும்பிவந்து வகுப்பில் உட்காரலாம் என்று சிலர் துணிகிறார்கள். அது நியாயமான கணக்கே. அதிகாரியாகச் சேர்வதோ வேறு கணக்கு. பட்டப்படிப்புக்குப் பிறகு, பெங்களூரு போன்ற நகரங்களில் ஐந்து நாள் நடக்கும் தேர்வு வாரிய நேர்காணலில் வென்று, கேரளத்தின் எழிமலையிலுள்ள கடற்படை அகாதமிக்குச் சென்றால், குறுகிய காலப் பணி எனப்படுவதே 10 ஆண்டுகள். ஆனால் வயது வரம்பு இருபதுகளின் நடுப்பகுதிவரை நீள்வதால், கல்லூரியில் படித்துக்கொண்டே இசையையும் ஒரு நிலைக்குக் கொண்டுவர அவகாசம் கிடைக்கிறது. பதினெட்டு வயதில், வகுப்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பதறிக்கொண்டு விண்ணப்பிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்தது, உங்கள் இசைக்கு என்னென்ன தேவை என்று பார்ப்பது. பலரும் தவறவிடும் இடம் இதுதான். கப்பலில் மாலுமிக்குக் கிடைப்பது அடுக்குப் படுக்கையில் ஒன்றும், சிறிய பெட்டகம் ஒன்றும். ஏறத்தாழ நான்கடி நீளமும், மெழுகில் பதித்த மெட்டுகளும் உள்ள வீணைக்கு அங்கே இடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். மும்பை மழைக்காலத்திலேயே வார் தளர்ந்து, வலந்தலை எனும் வலப்பக்கத் தோலின் நாதம் மந்தமாகி, புள் எனும் மரத்துண்டைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பவர்களுக்கு, உப்புக் காற்றில் தோல் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூட்டு எனப்படும் தோல் மூடியை மாற்ற ஆள் தேடுவது இந்த ஊரிலேயே சிரமம். கடற்படைத் தளங்கள் உள்ள கார்வாரிலும் அந்தமானிலும் கேட்கவே வேண்டாம். வயலினில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் பசை விடும். இருந்தாலும் பெட்டிக்குள் வைத்துச் சமாளிக்கலாம். புல்லாங்குழலும், செவிப்பேசி மாட்டி வாசிக்கும் சிறிய கீபோர்டும் தொல்லை தருவதில்லை. மிருதங்கக்காரர் கருவியை வீட்டில் விட்டுவிட்டு, சொற்கட்டுகளை வாயால் சொல்லியும் கோர்வைக் கணக்குகளை நோட்டில் எழுதியும் லயத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். விரல் வேகம் குறையும், கணக்கு குறையாது. வாய்ப்பாட்டுக்காரருக்குக் கருவிச் சுமை இல்லை என்றாலும், பக்கத்துப் படுக்கையில் ஒருவர் தூங்கும்போது ‘ஆ’ என்று குரலை நீட்டிப் பயிலும் அகார சாதகம் செய்ய முடியாது.

நேரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். கடலில் பணி நான்கு மணி நேர முறைகளாகப் பிரிகிறது. மாலை 4 முதல் 8 வரையுள்ள பொழுது மட்டும் இரண்டிரண்டு மணியாக வெட்டப்படுவதால், ஒருவருக்கு வரும் முறை நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். ‘தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாதகம்’ என்ற நம் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. கைபேசியில் தம்பூராவை ஓடவிட்டுப் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒற்றாடல் வழக்கு ஒன்றுக்குப் பிறகு, 2019 டிசம்பரில், கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் கடற்படை தடை விதித்தது. எனவே இணைய வகுப்பையும் செயலியையும் நம்பித் திட்டம் போடாமல், தனியாக இயங்கும் மின்னணுச் சுருதிப்பெட்டியோடு பயிலப் பழகுவது நல்லது. மறுபுறம், பணிக்காலம் முழுதும் கடலிலேயே கழிவதில்லை. கரைப்பணி உண்டு, கப்பல் துறைமுகத்தில் நிற்கும் மாலைகளும் உண்டு. கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ பணி கிடைத்தால் கர்நாடக இசை ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விடுமுறையில் ஒரு வாரம், மேலே சொன்ன பணிமுறைப்படி அட்டவணை போட்டு, ‘பணி’ நேரத்தில் படிப்பையோ வேலையையோ செய்து, எஞ்சிய நேரத்தில் தூக்கம், துவைத்தல், உணவு எல்லாம் போகக் கிடைக்கும் துண்டுப் பொழுதில், யாரையும் எழுப்பாமல் பயிற்சி செய்து பாருங்கள். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கம். தனியறையில் வளர்ந்தவர்கள்தான் இரண்டாம் நாளே சலித்துக்கொள்வார்கள். வாரக் கடைசியில் வாசிக்கும் ஆசை குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். கூடவே, அக்கம்பக்கத்தில் பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற தமிழ் மாலுமி ஒருவரைக் கண்டுபிடித்து, “நேவியில் பாட்டுக்கு நேரம் கிடைக்குமா அண்ணா?” என்று பொதுவாகக் கேட்காமல், “கடைசியாகக் கப்பலில் யார் வாசித்துக் கேட்டீர்கள், எங்கே உட்கார்ந்து வாசித்தார்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் படாகானா எனும் கூட்டு விருந்தில் பாடியவர் கதையும், பெட்டகத்துக்குள் கிடந்த கிதாரின் கதையும் வெளிவரும்.

கடற்படை இசைக்குழுவிலேயே சேர்ந்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அதற்கென்றே இசைக்கலைஞர் பிரிவில் அக்னிவீர்களை (அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களை) எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; காலப்பிரமாணம் (வேகம் பிசகாமை), சுருதி சுத்தம், ஒரு பாடலை முழுமையாகப் பாடுதல், கருவியில் செய்முறைத் திறன், ஒலிக்கும் சுரத்தை இனங்கண்டு கருவியில் பொருத்துதல் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். இந்தியக் கருவியானாலும் வெளிநாட்டுக் கருவியானாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால், கர்நாடக முறையில் பயின்றவருக்குக் கதவு அடைபடவில்லை. ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவில் அடிப்படைப் பயிற்சி. இசைப் பயிற்சியோ நம் கொலாபாவின் ஐ.என்.எஸ். குஞ்ஞாலியில் நடந்துவந்திருக்கிறது.

ஆயினும் இந்த வழி எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். அணிவகுப்பில் ஒலிப்பவை டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம் போன்ற கருவிகள். புதிய கருவியும் மேற்கத்திய இசைக்குறியீடும் கற்க வேண்டி வரும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். அதைவிட முக்கியமானது, எதை, எப்போது, எத்தனை முறை வாசிப்பது என்பது அங்கே ஆணை. இராகத்தில் மனம்போல் சஞ்சரிப்பதற்காக மாலை வகுப்புக்குப் போகிறவர், அந்தச் சுதந்திரம் இன்றியும் இசை இனிக்குமா என்று யோசிக்க வேண்டும். கூட்டாக ஒத்திசைந்து வாசிப்பதில் மகிழ்கிறவருக்கு இதைவிட நல்ல வேலை அமைவது அரிது. ஐயம் இருந்தால் டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டி கேட்வே ஆஃப் இந்தியாவில் நடக்கும் இசைக்குழு அணிவகுப்பைப் போய்ப் பாருங்கள். (மார்கழிக் கச்சேரிகளும் அதே மாதத்தில்தான் தொடங்குகின்றன, இசைக்குழுவில் சேர்ந்தவர் சென்னைப் பக்கம் போக விடுப்பு கிடைக்கும் என்று கனவு காணக்கூடாது.)

கச்சேரி செய்து சன்மானம் வாங்கும் நிலையை எட்டிவிட்டவருக்கு இன்னொரு தடையும் உண்டு. பணியில் இருப்பவர் அனுமதியின்றி வேறு வருமானம் தேட முடியாது. பொது மேடைக்கும் அனுமதி பெற வேண்டும். மாதம் இரண்டு கச்சேரி வந்துகொண்டிருக்கும் பக்கவாத்தியக்காரர் என்றால், கடற்படையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, இடைப்பட்ட வழிகளைப் பார்க்கலாம். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தால் ஒழுங்கும் கடலும் நமக்கு ஒத்துவருமா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஐ.டி.ஐ. படித்தவர்கள் கடற்படைக் கப்பல் பட்டறையின் தொழிற்பழகுநர் பள்ளியிலோ மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்திலோ சேர்ந்தால், பகலில் போர்க்கப்பல் வேலை, மாலையில் ஹார்பர் லைன் ரயிலில் வீடு திரும்பி வகுப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

சேர்வது என்று முடிவாகிவிட்டால், செவியைப் பற்றி மறக்க வேண்டாம். மருத்துவச் சோதனைக்குப் போகுமுன் காதில் அடைந்துள்ள அழுக்கை மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பிலேயே சொல்வார்கள். பணிக்கு வந்தபின், இயந்திர அறையிலும் பீரங்கிப் பயிற்சியிலும் காதுக்காப்பை ஒரு நாள்கூட விடாமல் அணிய வேண்டும். உயர் சுரங்களைக் கேட்கும் திறன் போனால் திரும்பாது. விண்ணப்பத்தைக் கடற்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் நீங்களே நேரடியாகச் செய்யலாம். இடைத்தரகர் யாரும் வேண்டாம். பயிற்சிக்குக் கிளம்புமுன் மிருதங்கத்தைப் பரணில் ஏற்றாமல், தினம் வாசிக்கும் சக மாணவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வாசிக்கப்படாத தோல்தான் முதலில் கெடும்.