மின்கம்பிக்காக மரம் வெட்ட வருகிறார்களா? நாம் செய்கிற தவறுகள்

காலையில் ரம்பச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி, மேலே நிற்கும் ஆளைப் பார்த்து "யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்று கத்துவதுதான் இந்த விஷயத்தில் முதல் தவறு. நானும் கத்தியிருக்கிறேன். அவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள், இன்றைக்கு இத்தனை மரம் முடிக்க வேண்டும் என்ற கணக்கோடு வந்திருப்பார், முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்காது. போதாததற்கு, ஓடும் ரம்பத்தோடு கம்பிக்குப் பக்கத்தில் நிற்பவரின் கவனத்தையும் கலைக்கிறோம். கதவிடுக்கில் செருகிய அறிவிப்புச் சீட்டு, அடிமரத்தில் பெயின்டால் போட்ட குறி, அண்ணாந்து பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு போன ஒருவர், இவற்றில் ஏதாவது கண்ணில் பட்ட அன்றே மின்வாரிய அலுவலகத்தில் பேச வேண்டும்.

"மரம் கம்பியைத் தொடவே இல்லையே" என்று வாதாடுவதும் எடுபடாது. இன்றைக்குத் தொடவில்லை, சரி. ஆனால் கம்பி ஒரே இடத்தில் நிற்பதில்லை. வெயிலிலும், அதிக மின்சாரம் ஓடும்போதும் சூடாகி, நீண்டு, தொய்யும், காற்றடித்தால் ஆடும். உயர் அழுத்தக் கம்பி என்றால் கிளை நெருங்கினாலே போதும், மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அப்படித்தான் 345 கிலோவோல்ட் கம்பிகள் தொய்ந்து, கீழே வளர விட்டிருந்த மரங்களில் பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் அன்றைக்குப் பார்த்துப் பழுதாகியிருக்க, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஆகவே இடைவெளி வேண்டும் என்று மின்வாரியத்தார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த இடைவெளியை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் நாம் மல்லுக்கு நிற்க வேண்டும்.

அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது, அதுவும் நம் சம்மதத்தோடு. "மரத்தை எடுக்காதீங்க, தலையை மட்டும் வெட்டிக்கங்க" என்று நாமே சொல்லிவிடுகிறோம். என் வீட்டு வாசல் மரத்துக்கு அப்படித்தான் உச்சியை மட்டமாக வெட்டி மொட்டையடித்தார்கள். அடுத்த பருவத்தில் வெட்டிய இடத்தைச் சுற்றி விளக்குமாறு மாதிரி இருபது முப்பது குச்சிகள் விறுவிறுவென்று கிளம்பி, பழைய உயரத்தைப் பிடித்துவிட்டன. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், பட்டையோடு உரிந்து கையில் வந்துவிட்டது. அவை மரத்தின் உள்ளிருந்து வளர்ந்த கிளைகள் அல்ல, மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை, காற்றுக்கு முதலில் முறிவதும் அவைதான். வெட்டுப்பட்ட தடிமனான கட்டையின் நடுவில் தண்ணீர் தேங்கி உளுக்கவும் தொடங்கியிருந்தது. ஆக, கம்பிக்கும் நல்லதில்லை, மரத்துக்கும் நல்லதில்லை.

கேட்க வேண்டியது வேறு. கம்பியை நோக்கிப் போகும் கிளையை அது பிரியும் கவட்டையிலேயே எடுத்துவிட்டு, விலகிப் போகும் கிளைகளை அப்படியே விடச் சொல்லுங்கள். மரம் நடுவில் வகிடெடுத்த மாதிரியோ ஒரு பக்கம் குடைந்த மாதிரியோ ஆகிவிடும், பார்க்கக் கண்ணராவியாகத்தான் இருக்கும், ஆனால் புதிய வளர்ச்சி கம்பியை விட்டு வெளிப்பக்கமாகப் போகும். கிளையின் அடியில் கழுத்து மாதிரிப் புடைத்த ஒரு வளையம் தெரியும், வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். வளையத்தோடு சேர்த்து வழித்தால் காயம் மூடாது, முழ நீளத்துக்குக் கட்டையை விட்டாலும் மூடாது. வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூசச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், அதனால் அழுகல் நிற்பதில்லை. ஒரே வருடத்தில் பச்சையில் கால்வாசிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

"இவங்க வந்து குதறுறதுக்கு நாமே வெட்டிடலாம்" என்று அலுமினிய ஏணியையோ இரும்புத் தொரட்டியையோ தூக்குபவர்களுக்கு ஒன்று மட்டும்: பச்சைக் கிளைக்குள் இருப்பது தண்ணீர். கம்பியில் சாய்ந்த கிளையைப் பிடித்திருப்பது கம்பியைப் பிடித்திருப்பது போலத்தான். கறுப்பாக உறை போட்ட மாதிரித் தெரியும் கம்பியையும் நம்பாதீர்கள்.

மாற்று வழி கேட்காமல் விடுவதும் தவறு. வெற்றுக் கம்பிக்குப் பதில் மின்சாரம் கசியாத உறை போட்டு ஒன்றாக முறுக்கிய மின்கம்பி போட்டால், மரத்துக்கு விட வேண்டிய இடைவெளி குறையும். நிலத்தடிக் கேபிள்தான் தீர்வு என்று பலர் ஒரே போடாகப் போடுகிறோம், செலவை விடுங்கள், பள்ளம் மரத்தை ஒட்டிப் போனால் வேர் அறுந்து, கிளை தப்பி மரம் சாயும்! பள்ளம் எந்தப் பக்கமாகப் போகிறது என்றும் கேளுங்கள்.

பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், கூடு இருந்தால் அதையும் சேர்த்து. குஞ்சு இருக்கும் கூடு என்றால் வேலையைச் சில வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம், உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்வார்கள். அப்புறம், மரமே போய்விட்டால் கோபத்தில் அதே குழியில் அதே ரகக் கன்றை நடாதீர்கள். கம்பிக்கு நேர் கீழே குட்டையாக நிற்கும் ரகம், உயரமாக வளர்வது வேண்டுமென்றால் தள்ளி, இன்னொரு மூலையில்.