பாரிமுனை முதல் தங்கசாலை வரை: தெருக்கடைச் சாப்பாட்டுக்கு ஒரு சாயங்காலம்

சென்னையின் தெருக்கடைச் சாப்பாட்டைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்றால், கடற்கரை ரயில் நிலையத்தில் தொடங்கி சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவில் முடியுங்கள். தங்கசாலைத் தெரு என்பது எல்லோரும் மின்ட் தெரு என்று சொல்வதுதான். பர்மாவிலிருந்து வந்ததும், ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்ததும், நம்மூர் இட்லியும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குள் கிடைக்கும். எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் என்பதைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

மூன்று அல்லது நான்கு பேராகப் போங்கள். ஒரு தட்டு வாங்கி எல்லோரும் பகிர்ந்தால்தான் ஆறேழு கடை தாங்கும். தனியாகப் போனால் மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை பன்னிரண்டு மணிக்கே லேசாக முடித்துவிடுங்கள். ஆளுக்கு 500 ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும். ஜிபே எல்லா வண்டியிலும் ஒட்டியிருக்கும், ஆனால் கூட்டத்தில் நெட்வொர்க் இழுக்கும். பின்னால் நிற்பவர் முனகுவார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அவசியம். கார் வேண்டவே வேண்டாம், நிறுத்த இடம் கிடையாது.

கிழமை பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருப்பதால் நடக்கச் சுகம், ஆனால் சாப்பாட்டுக் கடைகளிலும் சில திறக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சௌகார்பேட்டைச் சந்துகளில் தண்ணீர் தேங்கும். அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

மாலை ஐந்தரைக்கு முதல் நிறுத்தம் செகண்ட் லைன் பீச் சாலையில் உள்ள, அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடைகளெல்லாம் அரசுடைமையானபோது கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. பக்கத்திலிருக்கும் பர்மா பஜாரும் அவர்கள் பிழைப்புக்காக உருவானதுதான். ஐந்தரை மணி எதற்கு என்றால், அப்போதுதான் நூடுல்ஸ் புதிதாக வெந்து எண்ணெய் தடவிக் குவிக்கப்பட்டிருக்கும். எட்டு மணிக்கு மேல் கூட்டம் முட்டும்; ஒன்பதுக்கு அடிக்குவியல்தான் மிஞ்சும், இழை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு தட்டு கலப்பதை நின்று பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி, பொடியாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பாகப் பொரித்த தட்டை போன்ற பர்மாப் பலகாரம்), உப்பு, மிளகாய்த் தூள், ஒரு கரண்டி புளித்தண்ணீர், கடைசியில் பூண்டு எண்ணெய். எல்லாவற்றையும் கையாலேயே பிசைவார்கள்; கரண்டியால் கிளறினால் புளியும் எண்ணெயும் இழையில் ஏறாது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கையை. பிசைகிற ஆள் வேறு, காசு வாங்குகிற ஆள் வேறு என்றிருக்கும் கடையில் நில்லுங்கள். உறை போட்டிருந்தாலும் அதே உறையோடு சில்லறை எண்ணினால் பயனில்லை, அடுத்த கடைக்கு நகருங்கள். முட்டைக்கோஸும் வெங்காயமும் பச்சையாகவே சேர்வதால், வயிற்றைக் கெடுப்பதென்றால் பெரும்பாலும் அவைதான் கெடுக்கும். சீவிய கோஸ் ஓரத்தில் கறுத்து வாடியிருந்தால் வேண்டாம்.

“அண்ணே, ஒரு அத்தோ, காரம் கம்மி, பூண்டு எண்ணெய் தூக்கலா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கலந்த பிறகு சரிசெய்ய முடியாது. கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள், அதை நடுநடுவே குடித்தால் புளிப்பு அடங்கும். மொய்ங்கா கேட்டால் அதே தண்டுச் சாற்றில் நூடுல்ஸ் மிதக்கும். பர்மாவில் அது மீன் சாறு. இங்கே பல கடைகளில் மீன் இல்லாமலும் செய்வதால், சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் திணித்த மசாலா முட்டையை ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் பாதி சட்டையில் விழும். அத்தோவை மட்டும் பார்சல் வாங்காதீர்கள். அரைமணி நேரத்தில் பேஜோ ஊறி மொத்தமும் கூழாகிவிடும்.

அங்கிருந்து பாரிமுனை வந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே நடந்தால், பூக்கடை தாண்டி ஏழு மணிக்குள் தங்கசாலைத் தெருப் பக்கம் வந்துவிடலாம். இந்த நடை செரிமானத்துக்கும் சேர்த்துத்தான், ஆட்டோ பிடிக்காதீர்கள்.

போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டர் சாயங்காலம் மட்டும் நடக்கிற கடை. நெய் இட்லியும் ஊத்தப்பமும்தான் அங்கே பேச்சு. பொடி தூவி, நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றித் தருவார்கள். நான்கு பேருக்கு ஒரு தட்டு இட்லி, ஒரு ஊத்தப்பம் போதும். நெய் சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஆறினால் நாக்கில் மெழுகாக ஒட்டும்.

அடுத்தது தங்கசாலைத் தெருவில் சாட். பானிபூரியில் ஆபத்து பூரியில் இல்லை, தண்ணீரில்தான். பானைக்குள் கையை முழுக்க விடாமல் கரண்டியால் ஊற்றிக் கொடுக்கிற வண்டியாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சேவ் பூரிக்கு மாறிவிடலாம், அதில் தண்ணீர் இல்லை. இந்தத் தெருவுக்கே உரிய முறுக்கு சாண்ட்விச்சை விடவே கூடாது. இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. சட்னி தடவிய இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு இருக்கும். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத சமணர்கள் இங்கே நிறையப் பேர். ‘ஜெயின்’ என்று சொன்னால் பாவ் பாஜியில் உருளைக்குப் பதில் வாழைக்காய் போட்டுத் தருவார்கள், அதன் ருசியே தனி.

இனிப்பு கடைசியில்தான். காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய்யில் பொரிக்கும் ஜிலேபி பிரபலம். தட்டில் அடுக்கியதை எடுக்க வந்தால், “சட்டியிலிருந்து வர்றதைக் கொடுங்க” என்று சொல்லி ஐந்து நிமிடம் நில்லுங்கள். அடுக்கி வைத்தது பாகில் ஊறித் துவண்டிருக்கும். புதியதில் மொறுமொறு மேலோட்டை உடைத்ததும் உள்ளே சுடச்சுடப் பாகு வரும். பாதாம் பாலோ லஸ்ஸியோ அதற்குப் பிறகு. முதலிலேயே லஸ்ஸி குடித்துவிட்டு மீதிக் கடைகளை வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் அதிகம். ஐஸ் போடாமல் வாங்குங்கள். கட்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அங்கே நின்று தெரிந்துகொள்ள வழியில்லை.

எண்ணெயையும் ஒரு பார்வை பாருங்கள். சட்டியில் எண்ணெய் கறுத்து, பலகாரம் போடாதபோதே நுரைத்துக்கொண்டிருந்தால் பல முறை காய்ந்தது என்று பொருள். வண்டியில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவெண் ஒட்டியிருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அது சட்டியைக் கழுவித் தராது. செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வாழையிலையோ தட்டோ கேளுங்கள். மையில் உள்ளது சூட்டில் எண்ணெயோடு பலகாரத்தில் ஏறும்.

ஒன்பது மணிக்குள் முடித்தால், மின்ட் தெருவின் தென்முனையில் ஏகாம்பரேஸ்வரர் கோயிலைத் தாண்டி சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். மெட்ரோ இரவு பதினொன்று வரை ஓடும்.