சத்தியம் தவறாத வீரனை விளையாடுவது எப்படி? புதிதாக ஆட வருபவர்களுக்கு

ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேமில் "நான் பலாடின் (சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட வீரன்) எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் மேசையில் சிலருக்கு முகம் வாடும். கூட வருகிறவர்களுக்கு உபதேசம் செய்வது, எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்பது என்று அந்தப் பாத்திரத்தைப் பலர் விளையாடியிருக்கிறார்கள், அதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த பாத்திர வகை இது. இப்படிக் கெட்ட பெயர் எடுப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: உங்கள் வீரனின் சத்தியத்துக்கு விலை கொடுக்க வேண்டியது உங்கள் வீரன்தான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இல்லை.

படி 1: எந்த விதிகள் என்று பாருங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கேமில் பலாடின் 1975-இல் வந்தது. 1978 விதிப்புத்தகத்தின்படி, தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் பலாடின் என்ற தகுதி நிரந்தரமாகப் போய்விடும். தீயவர்களோடு சேர்ந்து பயணிக்கவும் கூடாது. பலாடின் என்றால் சண்டை என்ற பேச்சுக்கு இந்த விதிகளுக்கும் பங்கு உண்டு. 2014 விதிகளில் அப்படி இல்லை. மூன்றாம் லெவலில் நீங்களே ஒரு சபதத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். தவறினாலும் பிராயச்சித்தத்துக்கு இடம் இருக்கிறது. 1985-இல் வந்த பெண்ட்ராகன் என்ற கேம் வேறு மாதிரி: குணங்களுக்கு எண் உண்டு; கருணை ஒரு பக்கம், கொடுமை ஒரு பக்கம், இரண்டின் எண்களும் சேர்ந்து 20. கருணை 16 அல்லது அதற்கு மேல் இருந்தால், உங்கள் வீரன் என்ன செய்வான் என்பதைச் சில சமயம் பகடையே சொல்லிவிடும்.

படி 2: மூன்று சபதங்களை எழுதுங்கள்

"நல்லவனாக இருப்பேன்" என்று கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளில்) எழுதினால் ஆட்டத்தில் அது எதற்கும் உதவாது. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்:

"ஆயுதத்தைக் கீழே போட்டவனை வெட்டமாட்டேன்."
"எதிரிக்குக் கொடுத்த வாக்கானாலும் காப்பாற்றுவேன்."
"துணைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு முதல் ஆளாக ஓடமாட்டேன்."

மூன்றுமே வீரன் தன்னைத் தானே கட்டிக்கொள்வது. "யாரையும் திருட விடமாட்டேன்" என்பது அடுத்தவரைக் கட்டுவது, அதை நீக்கிவிடுங்கள். இந்தச் சபதங்களை யாரிடம் கற்றான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பக்கம் பக்கமாக முன்கதை வேண்டாம்.

படி 3: முதல் செஷனுக்கு முன் பேசுங்கள்

சபதங்களை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மீறினால் என்ன ஆகும் என்று கேம் மாஸ்டரிடம் (கதையை நடத்துபவரிடம்) கேளுங்கள். குழுவில் எல்லோரும் கூலிக்குக் கொலை செய்பவர்கள் என்றால் இந்த வீரனை வேறொரு கதைக்கு எடுத்து வைப்பதே நல்லது.

படி 4: மேசையில் செய்து காட்டுங்கள்

காவலுக்கு நின்ற கோப்ளின் (கதைகளில் வரும் குட்டிப் பூதம்) ஒன்று கத்தியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறது. திருடனை விளையாடுபவர் சொல்கிறார்: "விட்டால் போய் ஆள் கூட்டிவரும். இங்கேயே முடித்துவிடலாம்."

"நான் அனுமதிக்கமாட்டேன்" என்று வாளை உருவினால் அடுத்த அரை மணி நேரம் வாக்குவாதத்தில் போய்விடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சரணடைந்துவிட்டது, இனி இது என் பொறுப்பு. கட்டி நானே இழுத்து வருகிறேன். ராத்திரி முழுக்கக் காவலும் நானே. தப்பித்தால் துரத்துவதும் நான்தான்."

திருடனின் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது, அவர் அதை மறுத்துப் பேசத் தேவையில்லை. விலையும் நிஜமானது. 2014 விதிப்படி நீண்ட ஓய்வுக்கு 8 மணி நேரம் வேண்டும். அதில் காவலுக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்தான். விடிய விடியக் காவல் நின்றால் அந்த ஓய்வு கிடைக்காது, செலவான மந்திரம் திரும்பாது, மறுநாள் சண்டைக்குக் காயத்தோடுதான் போக வேண்டும். இதை மற்றவர்கள் பார்க்கிறார்கள். எந்தப் பிரசங்கத்தையும்விட இது அவர்களிடம் எடுபடும். கேம் மாஸ்டருக்கும் லாபம்: பெயர் உள்ள, பின்கதவு தெரிந்த ஒரு கோப்ளின் கதைக்குள் வந்துவிட்டது.

நீங்கள் சொல்லியும் திருடன் குத்திவிட்டால்? வாளை அவர் மேல் திருப்பாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள்; "என் பொறுப்பில் இருந்த உயிர்" என்று உங்கள் வீரன் ஒரு வரி சொல்லட்டும். ஆட்டம் முடிந்ததும், இனி கைதிகளை என்ன செய்யலாம் என்று நண்பராகக் கேளுங்கள்.

படி 5: சபதங்கள் மோதட்டும்

எதிரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் தோழர்கள் சாவார்கள் என்ற கட்டம் ஒருநாள் வரும். இந்தப் பாத்திரத்தை விளையாடுவதே இதற்காகத்தான். தப்பிக்க வழி கேட்டு கேம் மாஸ்டர் முகத்தைப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை மீறியதை ஒப்புக்கொள்ளுங்கள். பிராயச்சித்தத்துக்கு விடிய விடியப் பிரார்த்தனை, உபவாசம் என்று 2014 விதிப்புத்தகமே வழி சொல்கிறது. "நேரமில்லை, அப்புறம்" என்று அதைத் தள்ளிவிடாமல் அடுத்த செஷனில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி விளையாடுங்கள். மீறிய சபதத்தை ஷீட்டிலிருந்து அழிக்காதீர்கள். எங்கே, யாருக்காக மீறினான் என்று பக்கத்திலேயே குறித்து, கேம் மாஸ்டருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.