பெரட்டு மணிக்கு ஏற்ற வாரம்: மலேசியத் தோட்டத்து ஊருக்கு ஊழியத்துக்கு வரும் இளைஞருக்கு

தமிழ்நாட்டிலிருந்து சுங்கை சிப்புட், பாகான் செராய், பீடோங் மாதிரி ஊர்களுக்கு ஓராண்டு, ஈராண்டு கிறிஸ்தவ ஊழியத்துக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் போட்ட கால அட்டவணையைக் கையோடு கொண்டுவருகிறார்கள்: காலை 10 மணிக்கு வீடு சந்திப்பு, மதியம் 3 மணிக்குப் பெண்கள் கூட்டம், மாலை 6.30க்கு ஜெபக்கூட்டம். முதலாவதுக்கு வீட்டில் ஆள் இருக்காது. இரண்டாவதுக்கு எல்லாரும் தூக்கம். மூன்றாவதுக்கு அடுப்பு, குளியல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். வாரத்தைச் சபை மணியை வைத்துப் போடாதீர்கள். பெரட்டு மணியை வைத்துப் போடுங்கள்.

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. இங்கே சூரியன் உதிப்பதே ஏறக்குறைய 7 மணிக்கு. பெரட்டு அதற்கு முன்பே இருட்டில் முடிந்துவிடும். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர் மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுப்பார். எழுந்து குளித்து வாசலில் உட்காரும் 5 முதல் 6 மணிவரைதான் முதல் நல்ல நேரம். சாப்பாடு முடிந்து 8 மணிக்கு மேல் இரண்டாவது. 9.30க்குள் கிளம்பிவிடுங்கள், மறுநாள் பெரட்டு இருக்கிறது.

தோட்டம் என்றதும் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நிறையத் தமிழர் என்று கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், பலர் டவுன் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். குலை வெட்டுகிறவர்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியும் நிறைய. தாமானில் இருக்கும் பிள்ளைகள் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். ஆகவே நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம் என்று ஒதுக்கி, யார் பகல் ஷிப்ட், யார் இரவு, எந்த வாரம் மாறும் என்று முதலில் குறியுங்கள். ஜெபக்குறிப்பு அதற்குக் கீழே வரட்டும். இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவரைக் காலை 11 மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பினால், அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வீட்டில் உங்களுக்கு மரியாதையான தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கும்.

மாநிலத்தையும் கவனியுங்கள். பேராக்கில் சனி, ஞாயிறு விடுமுறை. கெடாவில் வெள்ளி, சனி. ஞாயிறு அங்கே பள்ளிக்கூட நாள். ஜொகூரும் 2014 முதல் 2024 முடியும்வரை அப்படித்தான் இருந்தது, 2025இல் மறுபடி சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. கெடாவில் இருக்கும் பீடோங்கில் ஞாயிறு காலை சிறுவர் வகுப்பு வைத்தால் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் இருப்பார்கள்.

இன்னொரு நாளும் நோட்டில் இருக்கட்டும்: 7ஆம் தேதி. வேலைச் சட்டப்படி ஒரு மாதத்துச் சம்பளம் அடுத்த மாதம் 7க்குள் வந்தாக வேண்டும். கடன், மோட்டார் சைக்கிள் தவணை, மளிகைப் பாக்கி எல்லாம் அந்த வாரம்தான் வாசலுக்கு வரும். அப்போது நீங்களும் வந்து நின்றால், காணிக்கைக்கு வந்ததாகவே நினைப்பார்கள். அந்த வாரத்தை முதியோர், நோயாளிகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

தமிழ் பேசினால் போதுமா?

மொழிதான் இங்கே பெரிய பொறி. ‘பத்து வெள்ளி’ என்றால் பத்து ரிங்கிட், ‘ஐம்பது காசு’ என்றால் ஐம்பது சென். ‘பசியாறிட்டீங்களா?’ என்பது காலைச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. நீங்கள் கேட்கவேண்டியதும் அதுதான். ‘உங்க சொந்த ஊர் எது?’ என்று கேட்காதீர்கள். பேரன் தோட்டத்துப் பெயரைச் சொல்வான். தாத்தாவோ நீங்கள் சாதியைத் தோண்டுகிறீர்கள் என்று நினைப்பார், அவர் நினைப்பது பல நேரம் சரியாகவும் இருக்கும். தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுவருவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. இங்கே பேசப்போகிறவர்கள் மூன்றாம், நான்காம் தலைமுறை மலேசியர்கள். பிரசங்கத்தில் ‘நம்ம நாடு’ என்று இந்தியாவைச் சொன்னால் முன்வரிசை முகம் இறுகும்.

மலாய்ப் பள்ளியில் படித்த இளைஞர் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாட்டுத்தாளைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் அடியுங்கள். பதிலுக்கு நீங்கள் சத்து, டுவா, தீகா என்று நூறுவரை மலாயில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். கிளினிக்கில் எண்ணை மலாயில்தான் கூப்பிடுவார்கள்.

சட்டத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இஸ்லாமியரிடையே வேறு சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அரசியலமைப்பின் 11(4) பிரிவு அதிகாரம் தருகிறது; பல மாநிலங்களில் அதற்கென்று தனிச் சட்டம் உண்டு, மீறினால் தண்டனை. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் எனும் பால் தேநீரை ஆற்றுகிறவர் இராமநாதபுரத்துத் தமிழ் பேசலாம், அவர் முஸ்லிம். தமிழ் முகம், தமிழ்ப் பேச்சு என்பதற்காகக் கைப்பிரதியை நீட்டாதீர்கள். கைப்பிரதி சட்டைப்பையில் இருப்பதைவிடச் சபை மேசையில் இருப்பதே நல்லது. சுற்றுலா பாஸில் வந்து ஊழியம் செய்யவும் வேண்டாம். அழைக்கும் சபை உங்கள் வேலையை உள்ளபடி சொல்லிக் குடிநுழைவுத் துறையில் பாஸ் வாங்கட்டும். அது கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

ஒரு வீட்டுக்குள் போவது

தோட்டம் தனியார் நிலம். நுழைவில் காவலரிடம் பெயர் எழுதி, யார் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போங்கள். முதல்முறை போவதற்கு முன் சபை மூப்பர் ஒருவர் மானேஜரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். இரண்டு பேராகப் போங்கள். வீட்டில் ஒரு பெண் மட்டும் இருந்தால் உள்ளே போகாமல், அஞ்சடியில் (வாசல் நடையில்) நின்றே நலம் கேட்டுத் திரும்புங்கள்.

செருப்பைக் கழற்றி, மூத்தவருக்கு முதல் வணக்கம். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்பதே இங்கே வழக்கம்; ரொம்ப வயதானவர் தாத்தா, பாட்டி. டிவியை அணைக்கச் சொல்லாதீர்கள், அவர்களே குறைப்பார்கள். 25 நிமிடம் போதும்: பாதி அவர்கள் பேச, ஒரு சங்கீதத்தில் நான்கைந்து வசனம், மூன்று நிமிட ஜெபம். லயத்துச் சுவர் மெல்லியது, அடுத்த வீட்டில் விளக்கு ஏற்றியிருப்பார்கள், குரலைத் தணியுங்கள். அந்த வீட்டுக் கடனையோ குடியையோ பெயர் சொல்லி ஜெபித்தால் மறுநாள் லயம் முழுக்கத் தெரியும். பக்கத்து மாரியம்மன் கோயிலைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் வாயில் வரக்கூடாது. அதே கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர், உங்கள் சபை மூப்பருக்கு மச்சானாக இருப்பார்.

தேத்தண்ணி வரும், கெட்டிப்பால் ஊற்றி. மறுத்தால் மனம் நோகும். நாலு வீட்டிலும் முழுக்கக் குடித்தால் உங்கள் உடம்பு நோகும். உட்காரும்போதே ‘அரை கிளாஸ் போதும் ஆன்ட்டி, இனிப்பு கொஞ்சமா’ என்று சொல்லிவிடுங்கள். கடையில் ‘தே ஓ கொசோங்’ என்றால் பாலும் சீனியும் இல்லாமல் வரும்.

மோட்டார்

கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிள் போதும். ஹெல்மெட் கட்டாயம், முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும், 1992 முதல் அது சட்டம். உங்கள் உரிமம் இங்கே செல்லுமா என்று உறுதியாகும்வரை பின்னால் உட்காருங்கள். தோட்டத்துச் செம்மண் சடக்கு (சாலை) மழைக்குப் பின் சோப்பு மாதிரி. பிடித்து நிறுத்த முன்சக்கர பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள்; கியரைக் குறைத்துப் பின் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். குலை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. உதிரிப்பழம் சக்கரத்தில் உருளும். வெட்டிப்போட்ட மட்டையின் முள் டயரில் ஏறும் என்பதால் மாற்று டியூப் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். இருட்டில் வெள்ளையாக ஏதாவது கம்பத்திலிருந்து பறந்தால் பயப்படாதீர்கள். எலியைப் பிடிக்கத் தோட்டத்தார் ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள்.

திங்கள், கடிதம்

திங்கள் ஓய்வு. துணி துவைத்து, வாரக் கடிதம் எழுதுங்கள். 300 சொல் போதும். இப்படி எழுதாதீர்கள்: ‘இருளில் கிடக்கும் தோட்ட மக்கள் நடுவே தேவன் என்னை வைத்தார், இவ்வாரம் 14 வீடு, 3 ஆத்துமா.’ இப்படி எழுதலாம்: ‘வாரம் முழுக்க மழை. வியாழன் கூட்டத்துக்கு ஐந்து பேர். கால் வீங்கிய ஒரு பாட்டியோடு கிளினிக்கில் மூன்று மணி நேரம் இருந்தேன். எண்ணை மலாயில் கூப்பிட்டதால் இரண்டு முறை தவறவிட்டோம்.’ இரண்டாவதைப் படிக்கிறவருக்கு எதற்காக ஜெபிப்பது என்று தெரியும்.

பெயர், பிள்ளைகளின் படம், சமயம் மாற நினைப்பவர் பற்றிய பேச்சு எதுவும் கடிதத்தில் வேண்டாம். பாளையங்கோட்டைக்கு அனுப்பியது வாட்சாப்பில் சுற்றி மாலைக்குள் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பும். உங்களுக்குச் சோறு போட்ட ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்து ஒருமுறை உரக்கப் படியுங்கள். குரல் தயங்கும் வரியை அடித்துவிடுங்கள். மனச்சோர்வு, கோபம், சபைச் சண்டை எல்லாம் தனி நாட்குறிப்புக்கு. அதைப் போனில் எழுதாமல் தாளில் எழுதுங்கள்.

வீட்டுக்குப் பேசுவதையும் திங்கள் இரவுக்கே வையுங்கள். இங்கே 8.30 என்றால் அங்கே மாலை 6. ஞாயிறு இரவு கூப்பிட்டால், களைத்த குரலைக் கேட்டு அம்மா வாரம் முழுக்கத் தூங்கமாட்டார்.