பெரியவர்களுக்குத் துணி டயப்பர்: எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது, எப்படித் துவைப்பது

பெரியவர்களுக்கு டயப்பர் என்றாலே மெடிக்கல் ஷாப்பில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவதுதான் ஒரே வழி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படுக்கையோடு இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 4, 5 முறையாவது மாற்ற வேண்டும். ஒன்று 30, 40 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 4,000, 5,000 ரூபாய் அதற்கே போகிறது. அந்தச் செலவைப் பார்த்துத்தான் "இன்னும் நிரம்பலையே, இருக்கட்டும்" என்று ஒரே டயப்பரை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் தோல் வெந்துவிடும். துணியில் அந்தக் கணக்கே வேண்டாம், நனைந்தால் உடனே மாற்றிவிடலாம். நான் துணியைச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கடை டயப்பருக்குள் இருக்கும் ஜெல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணிக்கு அந்த வேலை தெரியாது, நனைந்த துணி தோலோடு ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். ஆகவே மாற்றிவிட ஆள் இருக்கும் நேரத்துக்குத்தான் துணி. வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போய்விடும் நேரம், டாக்டரிடம் கூட்டிப்போகும் நாள், வயிற்றுப்போக்கு இருக்கும் நாள், இதற்கெல்லாம் கடை டயப்பரே போடுங்கள். பகலில் துணி, ராத்திரி கடை டயப்பர் என்று வைத்துக்கொள்வதிலும் தப்பே இல்லை. கடை டயப்பரை எறியும்போது மலத்தை டாய்லெட்டில் தட்டிவிட்டு, தாளில் இறுக்கிச் சுற்றி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சுற்றித் தனியாகத்தான் கொடுக்கச் சொல்கின்றன. குப்பை வாங்க வருபவர் அதைக் கையால் பிரிக்கும்படி விடக் கூடாது.

வாங்குவதற்கு முன்னால்

திடீரென்று சிறுநீர் கசிய ஆரம்பித்திருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், ஏன், முற்றிப்போன மலச்சிக்கல்கூட இதைச் செய்யும், சரிசெய்தால் நின்றுவிடவும் கூடும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேளுங்கள். நடமாட்டம் உள்ளவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போனாலே பாதித் துணி மிச்சம்.

அப்புறம் அளவு. எவ்வளவு போகிறது என்று தெரியாமல் துணி வாங்கினால் ஒன்று கசியும், இல்லாவிட்டால் தேவையில்லாமல் தலையணை மாதிரி கட்டிவைப்போம். அதற்குச் சமையலறையில் இருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். உலர்ந்த துணியை எடை போட்டு எழுதிவையுங்கள், நனைந்த பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி எடை பாருங்கள். 150 கிராம் துணி 400 கிராம் ஆகியிருந்தால் 250 மில்லி போயிருக்கிறது, சிறுநீர் ஒரு மில்லி கிட்டத்தட்ட ஒரு கிராம்தான். பகலில் ஒன்றிரண்டு தடவை, ராத்திரியில் ஒன்றிரண்டு தடவை பார்த்தால் கணக்குப் பிடிபட்டுவிடும். வயதானவர்களுக்கு ராத்திரியில் நிறையப் போவது சகஜம். கால் வீங்கியிருப்பவர்களுக்குப் பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக வருவதால் இன்னும் கூடுதலாகப் போகும். ராத்திரிக்குத் தனியாகக் கனமான துணி வேண்டும் என்பது இதனால்தான்.

எந்தத் துணி?

என்னைக் கேட்டால் பழைய பருத்தி வேட்டிக்கு மேல் எதுவும் இல்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், நன்றாக உறிஞ்சும், விரித்துக் காயப்போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். புதுத் துணியில் பருத்தியின் இயற்கை மெழுகும் எண்ணெயும் இருப்பதால் நாலைந்து முறை வெந்நீரில் துவைத்த பிறகுதான் சரியாக உறிஞ்சும். வாங்கியவுடன் கட்டிவிட்டு "துணி உறிஞ்சவே இல்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். வேட்டி சுத்தப் பருத்திதானா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள், பருத்தி என்றால் சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாக உருண்டுகொள்ளும்.

நாலு முழ வேட்டியை நீளத்தில் பாதியாக வெட்டினால், ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் அளவில் இரண்டு துண்டு கிடைக்கும். ஜரிகைக் கரை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், தொடையில் அறுக்கும். ஒன்றேகால் மீட்டர் பக்கத்தை இரண்டாகவும், ஒரு மீட்டர் பக்கத்தை மூன்றாகவும் மடித்தால் ஆறு அடுக்கில் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 33 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. பகலுக்கு இது ஒன்று. ராத்திரிக்கு இரண்டாவது துண்டையும் அதேபோல மடித்து, ஆணுக்கு முன்பக்கம் கனமாக இருக்கும்படியும் பெண்ணுக்கு நடுவில் கனமாக இருக்கும்படியும் வையுங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்கு அவர் சாயும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

தைத்ததையே வாங்குவதாக இருந்தால் எல்லாம் சேர்த்துத் தைத்த ஒரே துண்டு டயப்பரை நான் சொல்லமாட்டேன், துவைக்கவும் கஷ்டம், மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் உள்ளே காயாது. கவர் தனி, உள்ளே வைக்கும் பேட் தனி என்று இருப்பதை எடுங்கள். மைக்ரோஃபைபர் பேட் சட்டென்று உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் அப்படியே வெளியே விட்டுவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருப்பவருக்கு அது சரிப்படாது, நேராகத் தோலில் படும்படியும் வைக்கக் கூடாது, தோலை வறளச் செய்துவிடும்.

கவருக்கு பி.யூ.எல் என்று சொல்கிற, ஒரு பக்கம் பாலியுரேதேன் பூசிய துணிதான் நல்லது. ரெயின்கோட் துணியில் தைத்தது புழுங்கித் தள்ளும். கவர் அளவைப் பழைய பேண்ட் சைஸை வைத்து முடிவு செய்யாதீர்கள், படுத்த பிறகு உடம்பு இளைத்திருக்கும். டேப்பால் இடுப்பின் அகலமான இடத்தையும் தொடையின் மேல் பகுதியையும் அளந்து எடுங்கள். படுத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் திறக்கிற வெல்க்ரோ அல்லது பட்டன் வைத்தது, நடப்பவருக்கு ஜட்டி மாதிரி இழுத்துப் போடுவது. மறதி நோயால் கழற்றிக் கழற்றி எறிபவருக்குப் பட்டன் வைத்ததே மேல், வெல்க்ரோவைச் சட்டென்று பிய்த்துவிடுவார்கள்.

எத்தனை வேண்டும்? ஒரு நாளைக்கு ஆறேழு தடவை மாற்றினால் மூன்று நாளுக்கு வரும்படி சுமார் 20 பட்டை, ராத்திரிக்குக் கூடுதலாக ஆறு, கவர் நாலு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இன்னும் ஐந்தாறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிவிடுவது

முதல் தடவை பேசுவதுதான் கஷ்டம். "டயப்பர் போட்டுக்கோங்க" என்று எடுத்ததும் சொன்னால் யாருக்கும் மனசு ஒப்பாது. "அப்பா, ராத்திரி எழுந்து போறப்ப வழுக்கிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு, இதை உள்ளே கட்டிக்கிட்டா நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். மாற்றும்போது கதவைச் சாத்துங்கள், மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். வந்திருக்கும் விருந்தாளி முன்னால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். இன்னொன்று, நனைந்துவிடுமே என்று பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் தொற்றும் மலச்சிக்கலும்தான் வரும். டாக்டர் குறைக்கச் சொல்லாதவரை வழக்கம்போலக் குடிக்கட்டும், மாலைக்கு மேல் காபி, டீயை மட்டும் குறையுங்கள்.

படுத்திருப்பவரைத் தூக்க வேண்டாம். முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள். கவரும் பட்டையும் சேர்ந்ததைப் பாதி சுருட்டி முதுகுப்பக்கமாக நெருக்கி வைத்துவிட்டு, மறுபக்கம் திருப்பி அந்தப் பாதியை இழுத்து விரியுங்கள். சுருக்கமே இருக்கக் கூடாது, மடிப்பு அழுத்துகிற இடத்தில்தான் படுக்கைப் புண் கிளம்பும். ஆணாக இருந்தால் உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தால் இடுப்புப் பட்டை வழியே கசியும். இடுப்பில் இரண்டு விரல் போகிற அளவுக்கு இறுக்கினால் போதும்.

கடைசியாகத் தொடை இடுக்கில் விரலை ஓட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் சரியாகத் தொடை மடிப்பில் உட்கார்ந்திருக்கிறதா, பருத்தித் துணியின் ஓரம் ஒரு நூல் அளவாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அந்த ஓரம் விளக்குத் திரி மாதிரி உள்ளே இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்து வேட்டிக்கும் மெத்தைக்கும் கொடுத்துவிடும். "கவர் லீக் ஆகுது" என்று சொல்வதில் பாதி இந்த ஓரம்தான்.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், படுக்கையில் புரட்டிவிடும் நேரமும் அதுதான், இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம். மலம் போனால் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. சிறுநீரில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்ற, தோலின் அமிலத்தன்மை போய், மலத்தில் உள்ள நொதிகள் இன்னும் வேகமாகத் தோலை அரிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் சோப்பு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து (பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டும்), தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காற்றாட ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமோ வாஸலினோ மெல்லிசாகத் தடவுங்கள். க்ரீம் துணியில் ஏறினால் துணி உறிஞ்சாது, அதனால் மேலே ஒரு சின்ன மல்மல் துண்டு போட்டுவிட்டுக் கட்டுங்கள். பவுடர் வேண்டாம், தொடை இடுக்கில் ஈரத்தோடு சேர்ந்து உருண்டு உராயும். சிவப்பும் அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், தோல் உரிந்தாலோ புண் ஆழமாக இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

துவைப்பது

நாற்றம் துணியால் வருவதில்லை, முதல் அலசல் சரியில்லாததால் வருகிறது. நனைந்த துணியை அப்படியே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சிறுநீரும் சோப்பும் சேர்ந்து துணிக்குள்ளேயே நிற்கும். முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிடுங்கள். மலம் பட்டதை டாய்லெட்டில் தட்டி, ஹெல்த் ஃபாசெட்டால் அடித்து விட்டு அலசுங்கள். வெந்நீரை முதலில் ஊற்றினால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாளியும் மக்கும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும். இந்த முதல் அலசலை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் தலையில் கட்டாதீர்கள், வீட்டு மருமகள் ஒருத்திக்கு என்றும் எழுதிவைக்காதீர்கள். பெற்ற பிள்ளைகள் எல்லாருமே முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

அலசிப் பிழிந்ததை மூடி போட்ட வாளியில் தண்ணீர் இல்லாமல் போட்டுவைத்து, தினமும், அதிகம் போனால் ஒருநாள் விட்டு ஒருநாள், தூள் சோப்புப் போட்டு வெந்நீரில் துவைக்க வேண்டும். மெஷினில் ஹீட்டர் இருந்தால் 60 டிகிரியில் போடுங்கள், இல்லையென்றால் வெந்நீரை ஊற்றிக்கொள்ளுங்கள். டிரம்மை அடைக்காதீர்கள், முக்கால் வாசி போதும். கடைசியில் ஒரு அலசல் கூடுதலாக ஓட்டுங்கள், தங்கிப்போன சோப்பும் தோலை அரிக்கும். கவரை மட்டும் வெந்நீரில் கொதிக்கவைக்காமல் 40 டிகிரிக்குள் துவையுங்கள். வெல்க்ரோவை ஒட்டிவிட்டுப் போடாவிட்டால் நூலெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஊற்றினால் நூலின் மேல் படலம் ஏறித் துணி உறிஞ்சாமல் போகும். கஞ்சியும் வேண்டாம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பார் சோப்பு திரிந்து துணியில் படியும், அதனால்தான் தூள் சோப்பு, கூடவே ஒரு கைப்பிடி சலவை சோடா. காய்ந்த துணியை வெந்நீரில் நனைத்ததும் மூக்கைப் பிடிக்கும் அம்மோனியா வாடை அடித்தால் உள்ளே தங்கிய சிறுநீர் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். சலவை சோடா கரைத்த வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மறுபடி துவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். ப்ளீச்சை எப்போதாவது, தொற்று வந்தபோது மட்டும், லேபிளில் சொன்ன அளவில், நன்றாக அலசிய துணிக்குப் போடலாம். சிறுநீர் இருக்கும் துணியிலோ வினிகரோடோ ப்ளீச்சைச் சேர்த்தால் விஷ வாயு வரும், ஜாக்கிரதை.

பருத்தியை வெயிலில் நன்றாக விரித்துக் காயப்போடுங்கள், மழை நாளில் காத்தாடிக்கு அடியில் கொடி கட்டிப் போட்டுவிட்டு அயர்ன் செய்தால் மிச்ச ஈரமும் போய்விடும். கவரை நிழலில் மட்டும், அயர்ன் கூடவே கூடாது. கவரின் உள்பூச்சு விரிசல் விட்டாலோ உரிந்து பளபளப்பாகத் தொங்கினாலோ, எவ்வளவு நல்ல துணியை உள்ளே வைத்தாலும் கசியும், கவரை மாற்றிவிடுங்கள். நைந்துபோன வேட்டித் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் சின்னச் சின்னதாக வெட்டித் துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஈர டிஷ்யூ வாங்கும் செலவும் மிச்சம், அந்தத் தோலுக்கும் அதுதான் இதம்.