கேம் ஜாமில் முதல் விளையாட்டு: வெற்றுத் திரையிலிருந்து வாக்களிப்பு வரை

கேம் ஜாம் என்பது ஒரு தீமை, அதாவது தரப்படும் கருப்பொருளை, வைத்துக் குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் நிகழ்வு. பல ஜாம்களில் பங்கேற்றவர்களே ஒருவர் செய்ததை மற்றவர் ஆடி வாக்களிப்பார்கள். ஜாம் தொடங்குவதற்கு முந்தைய நாளே ஒரு வெற்று விளையாட்டை இணையத்தில் ஏற்றிப் பாருங்கள். ஒற்றை நிறத் திரை, அம்பு விசையை அழுத்தினால் நகரும் ஒரு சதுரம், சுவரில் மோதினால் ஒரு சத்தம். அவ்வளவு போதும். அதை எக்ஸ்போர்ட் செய்து (ஓடக்கூடிய கோப்பாக வெளியெடுத்து), விளையாட்டுகளைப் பகிரும் இட்ச்.ஐஓ தளத்தில் யாருக்கும் தெரியாத வரைவுப் பக்கமாக ஏற்றி, வேறு பிரவுசரில் திறந்து விளையாடிப் பாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் ஜாமைக் கோட்டைவிடுகிறவர்கள் பலரிடம் விளையாட்டு தயாராகவே இருக்கும், பிரவுசரில்தான் ஓடாது. அந்தத் தகராறுகளை நேரம் இருக்கும்போதே தீர்த்துக்கொள்ளலாம்.

எந்த ஜாம், எந்தக் கருவி

2002 முதல் நடந்துவரும் லூடம் டேரில் கடுமையான பிரிவின் பெயர் காம்போ. 48 மணி நேரம், தனியாள், நிரலும் படமும் ஒலியும் அந்த நேரத்துக்குள் நீங்களே செய்தவையாக இருக்க வேண்டும். அதன் ஜாம் பிரிவில் 72 மணி நேரம் கிடைக்கும், குழுவாகவும் சேரலாம். குளோபல் கேம் ஜாம் 2009-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரியில், ஓர் இடத்தில் கூடிச் செய்வது அதன் வழக்கம். ஜேஎஸ்13கே போட்டியில் ஒரு மாத அவகாசம் உண்டு, ஆனால் ஜிப் செய்த மொத்த விளையாட்டும் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இவை போக, இட்ச்.ஐஓ-வில் சிறிய ஜாம்கள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன.

முதல்முறை சேர்கிறவர்கள் 48 அல்லது 72 மணி நேர ஜாமை எடுப்பது நல்லது. ஒரு வாரம், ஒரு மாதம் என்றால் வசதியாகத்தான் தெரியும். ஆனால் கூடுதல் நாட்களில் வளர்வது பெரும்பாலும் திட்டம்தான், விளையாட்டு அல்ல. எந்த ஜாமானாலும் விதிப்பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: முன்பே எழுதிய நிரலைப் பயன்படுத்தலாமா, இலவசமாகக் கிடைக்கும் படங்களையும் ஒலிகளையும் சேர்க்கலாமா, ஏஐ உருவாக்கியவற்றுக்கு அனுமதி உண்டா.

கருவியைப் பொறுத்தவரை, ஏற்கெனவே தெரிந்ததுதான் சிறந்தது. புது எஞ்சினை, அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை, கற்றுக்கொள்ள ஜாம் சரியான இடமில்லை. எதுவுமே தெரியாதென்றால் பிட்ஸியில் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் பிரவுசரிலேயே சின்னக் கதை விளையாட்டைச் செய்யலாம். பைக்கோ-8-இல் 128-க்கு 128 பிக்சல் திரையும் 16 நிறங்களும்தான் இருக்கும். பெரிதாக ஆசைப்படவே வழியில்லை என்பது அதன் பெரிய வசதி. கோடோ எஞ்சின் இலவசம், எம்ஐடி உரிமத்தில் வருகிறது. அதில் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் எழுதுங்கள்: 4.0 முதல் 4.4 வரையிலான பதிப்புகளில் சி ஷார்ப்பில் எழுதியதை பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. திரையில் படத்தை வரையும் ரெண்டரரின் தேர்வில் கம்பாட்டிபிலிட்டியை வையுங்கள், பிரவுசரில் அது ஒன்றுதான் ஓடும். 4.3-க்கு முந்தைய கோடோ 4 என்றால், இட்ச் பக்க அமைப்பில் ஷேர்டுஅரேபஃபர் ஆதரவைத் தேர்வு செய்தாக வேண்டும். மறந்தால் விளையாட்டு தொடங்காமல் பிழைச்செய்திதான் வரும். யூனிட்டி எஞ்சினில் செய்பவர்கள் பிரவுசர் பதிப்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று முன்பே பார்த்து, அதை அட்டவணையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தீமிலிருந்து ஒரு வினைச்சொல்

தீம் வெளியானதும் அரை மணி நேரம் ஒதுக்கிப் பத்து யோசனைகளை எழுதுங்கள். முதலில் வரும் மூன்று நான்கு எல்லோருக்கும் தோன்றுபவை, அவற்றை அடித்துவிடலாம். மிச்சமிருப்பதில் ஒவ்வொன்றுக்கும், ஆடுகிறவர் என்ன செய்கிறார் என்பதற்கு ஒரே வினைச்சொல்லில் பதில் சொல்லுங்கள். தாவுகிறார், இழுக்கிறார், மறைகிறார், ஊதுகிறார். பதில் சொல்ல முடியாத யோசனையில் கதை இருக்கலாம், விளையாட்டு இல்லை.

‘நிழல்’ என்று தீம் வந்தால் இருண்ட அறை, டார்ச், துரத்தும் உருவம் என்று நூறு பேர் செய்வார்கள். வெயிலில் நின்றால் கரைந்துவிடும் ஓர் உருவம், நிழல் விட்டு நிழல் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சூரியன் நகர்கிறது, எனவே நிழலும் நகர்கிறது. வினைச்சொல் ஒன்று: ஓடு. தோற்பது எப்படி, ஜெயிப்பது எப்படி என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. சதுரங்களையும் கறுப்புச் செவ்வகங்களையும் மட்டும் வைத்து நான்கு மணி நேரத்தில் ஆடிப் பார்த்துவிடலாம். ஜாமுக்கு ஏற்ற யோசனையை அளக்க இந்தக் கடைசிச் சோதனை போதும். 2013 டிசம்பர் லூடம் டேரின் தீம் ‘உனக்கு ஒன்றுதான் கிடைக்கும்’ என்ற பொருள் தரும். அதற்காக உருவான டைட்டன் சோல்ஸில் ஆடுகிறவரிடம் ஒரே அம்பு, எதிரில் பிரம்மாண்டமான அரக்கர்கள். பின்னர் முழு விளையாட்டாக வந்தபோதும் அந்த ஒற்றை அம்பு மாறவில்லை.

தொடக்கூடாதவை சில உண்டு. இணையவழி பலர் ஆடுவது வேண்டாம். தொடர்பு தாமதத்தைச் சமாளிப்பதே தனி வேலை, அதோடு நீங்கள் போடும் அறைக்குள் வாக்களிக்க வந்தவர் தனியாக நின்றுகொண்டிருப்பார். கிளைபிரியும் உரையாடல், பைக்குள் பொருள் சேகரிப்பது, சேமித்துத் தொடர்வது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிட விளையாட்டை யாரும் சேமித்து வைப்பதில்லை. தானாக உருவாகும் லெவல்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். ஆனால் ஆடவே முடியாத லெவலை அது எப்போது உருவாக்கும் என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். கையால் செய்த ஆறு லெவல்கள் மேல்.

48 மணி நேரத்தைப் பிரிப்பது

முதல் இரண்டு மணி நேரம் யோசனைக்கு. எட்டாவது மணிக்குள் சதுரங்களால் ஆன, ஆடக்கூடிய வடிவம் கையில் இருக்க வேண்டும். அதை ஆடிப் பார்த்துச் சலிப்பாக இருந்தால், படம் வரைந்து சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். விதியை மாற்றுங்கள் அல்லது இரண்டாவது யோசனைக்குப் போங்கள். யோசனையை மாற்ற அதற்கு மேல் நேரம் கிடையாது. பிறகு தூங்குங்கள். இரவெல்லாம் விழித்து எழுதிய நிரலில் இருக்கும் பக்குகளை (பிழைகளை) கண்டுபிடிக்க மறுநாள் பகல் முழுக்கப் போகும்.

24-ஆவது மணியில் முழுச் சுற்றும் முடிந்திருக்க வேண்டும்: தொடக்கத் திரை, ஆட்டம், தோல்வி, மறுபடி ஆடுவது, வெற்றித் திரை. ஒரே ஒரு லெவல் இருந்தாலும் பரவாயில்லை. அதை அப்படியே பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். இனி என்ன நடந்தாலும் சமர்ப்பிக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. அடுத்த 12 மணி நேரம் லெவல், படம், ஒலிக்கு. 36-க்குப் பிறகு மற்றவர்களிடம் ஆடக் கொடுத்துத் திருத்துவதுதான் முக்கிய வேலை. 42-இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துங்கள். 44-இல் இறுதிப் பதிப்பை ஏற்றுங்கள். மிச்சமுள்ள நான்கு மணி நேரம் காலியாக இருப்பதுபோலத் தெரியும், இருக்காது.

நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் கருவியில் வேலையை அடிக்கடி கமிட் செய்யுங்கள் (பதிந்து வையுங்கள்). கிட் பழக்கமில்லாதவர்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து, நேரத்தைப் பெயராக வைத்துத் தனியே போடலாம். குழுவாக இருந்தால் ஒரு காட்சியை வைத்திருக்கும் ஒரே சீன் கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தக் கூடாது, இணைக்கும்போது பெரும்பாலும் சிதைந்துவிடும்.

கைக்கு இதமாக இருக்க சில எண்கள்

ஒரே யோசனையில் செய்த இரண்டு விளையாட்டுகளில் ஒன்று பிடித்துப்போவதும் மற்றது எரிச்சலூட்டுவதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

தாவும் விளையாட்டென்றால், மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை தாவ அனுமதியுங்கள். அதேபோல், தரையைத் தொடுவதற்கு 0.1 நொடி முன்பே தாவும் விசையை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்து, தொட்டவுடன் தாவச் செய்யுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படம்) என்ற கணக்கில் இது ஆறு ஃபிரேம்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் மட்டும் விளையாட்டு ஏமாற்றுவதாகச் சொல்வார்கள். கீழே விழும்போது ஈர்ப்பை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆக்கினால் மிதப்பதுபோன்ற உணர்வு போய்விடும். ஆபத்தான பொருள்களின் மோதல் எல்லையைப் படத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிதாகவும், சேகரிக்க வேண்டியவற்றுக்குப் பெரிதாகவும் வையுங்கள். செத்தால் ஒரு நொடிக்குள் மறுபடி ஆட்டம் தொடங்க வேண்டும். ‘மீண்டும் ஆடலாமா?’ என்று கேட்கும் பெட்டியே வேண்டாம்.

நகர்வை ஃபிரேம் எண்ணிக்கையில் எழுதாமல், டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்கி எழுதுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் நீங்கள் சரிபார்த்த விளையாட்டு 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் ஓடினால், உங்கள் முதல் லெவலையே யாராலும் தாண்ட முடியாது. ‘ரொம்பக் கஷ்டம்’ என்ற பின்னூட்டத்தின் காரணம் சில சமயம் இவ்வளவுதான்.

பிக்சல் படம் வரைவதானால் விளையாட்டை 320-க்கு 180 அளவில் அமையுங்கள். அது நான்கு மடங்கில் 1280-க்கு 720 ஆகவும், ஆறு மடங்கில் 1920-க்கு 1080 ஆகவும் மிச்சமின்றிப் பெரிதாகும். எஞ்சினில் டெக்ஸ்சர் ஃபில்டர் என்ற அமைப்பை நியரஸ்ட் ஆக்காவிட்டால் பெரிதாக்கிய படமெல்லாம் மங்கும். ஆறு முதல் எட்டு நிறம் போதும். ஆடுகிறவரின் உருவம் பின்னணியைவிடத் தெளிவாக வெளிச்சமாகவோ இருட்டாகவோ இருக்கிறதா என்று திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்.

ஒலியைக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கம், அதனால் பல விளையாட்டுகள் ஊமையாக வருகின்றன. 2007 டிசம்பரில் லூடம் டேர் பங்கேற்பாளர்களுக்காகவே டாக்டர்பெட்டர் உருவாக்கிய எஸ்எஃப்எக்ஸ்ஆர் கருவியின் பிரவுசர் வடிவம் இன்றும் கிடைக்கிறது. பொத்தானை அழுத்த அழுத்தப் புதுப்புதுச் சத்தம் வரும். தாவல், எடுத்தல், அடி, வெற்றி, மெனு என்று ஐந்து சத்தங்களை 15 நிமிடத்தில் சேகரித்துவிடலாம். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் சுருதியைப் பத்து சதவீதம் வரை மேலும் கீழும் தற்செயலாக மாற்றுங்கள். இசைக்கு, பிரவுசரிலேயே இசையமைக்கும் பீப்பாக்ஸில் எட்டு பார் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) போதும். லூப் ஆகும் இசையை எம்பி3-இல் போடாதீர்கள்: என்கோடர் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனத்தைச் சேர்ப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் கேட்கும். ஆக் அல்லது வேவ் கோப்பு வடிவம் நல்லது.

பிரவுசரில் ஏற்றும்போது

வாக்களிப்பவர்களில் பலர் எதையும் டவுன்லோடு செய்ய மாட்டார்கள். எனவே பிரவுசர் பதிப்பு கட்டாயம். ஜிப்பைத் திறந்தவுடன், பிரவுசர் முதலில் திறக்கும் இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் கோப்பு கண்ணில் பட வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஜிப் செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபோல்டரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். இட்ச்சில் ஒரு ஜிப்புக்கு 1000 கோப்புகளும் விரித்தபின் 500 மெகாபைட்டும் வரம்பு. ஜாம் விளையாட்டு 30 மெகாபைட்டைத் தாண்டினாலே காத்திருப்பவர் போய்விடுவார். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனியுங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. சர்வர் கண்டுகொள்ளும், படம் மட்டும் காணாமல் போகும்.

ஆடுகிறவர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர்கள் ஒலியை அனுமதிப்பதில்லை, பக்கத்தில் விளையாட்டு ஓடும் பெட்டிக்குள் விசைகளும் போய்ச் சேராது. கிளிக் செய்து தொடங்கும் முகப்புத் திரை இரண்டையும் ஒன்றாகத் தீர்க்கும். நேரடியாக ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் அம்பு விசைக்கும் ஸ்பேஸ் விசைக்கும் பிரவுசர் செய்யும் வழக்கமான வேலையைத் தடுக்க வேண்டும், இல்லையேல் தாவும்போதெல்லாம் பக்கம் கீழே உருளும். தமிழ் எழுத்து காட்டுவதானால் எழுத்துரு கோப்பை விளையாட்டோடு சேர்த்தே அனுப்புங்கள். பிரவுசர் பதிப்பில் கணினியின் எழுத்துருவை எஞ்சினால் எடுக்க முடியாமல் வெறும் கட்டங்கள் தெரியலாம். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று ‘கொ’, ‘கை’, ‘ஷ்’ அடித்துப் பாருங்கள்.

பக்கத்துக்கு 630-க்கு 500 பிக்சல் முகப்புப் படம், ஆட்டத்தின் நடுவே எடுத்த மூன்று திரைப்படிகள், முதல் வரியிலேயே எந்த விசை என்ன செய்யும் என்ற விவரம். தீம் எங்கே வருகிறது என்று ஒரு வாக்கியம். பிறர் செய்த படமோ ஒலியோ இருந்தால் பெயரும் உரிமமும். இட்ச்சில் பக்கத்தை வெளியிடுவது வேறு, ஜாமுக்குச் சமர்ப்பிப்பது வேறு. ஜாம் பக்கத்தில் உள்ள சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்தினால்தான் கணக்கில் வரும்.

வாக்களிப்புக் காலம்

உங்கள் விளையாட்டை யாராவது ஆட வேண்டுமென்றால் நீங்கள் மற்றவர்களுடையதை ஆட வேண்டும். லூடம் டேரில் 20 மதிப்பீடுகளாவது வராவிட்டால் தரவரிசையே கிடையாது. இட்ச்சில் நடக்கும் ஜாம்களில், நடுநிலை எண்ணிக்கையைவிட (எல்லா விளையாட்டுகளின் வாக்கு எண்ணிக்கையையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதைவிட) குறைவான வாக்கு பெற்றவற்றின் மதிப்பெண் குறைக்கப்படும்: வாக்குகளை நடுநிலை எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதால் பெருக்குவார்கள். நடுநிலை 16, உங்களுக்கு 4 வாக்கு என்றால் பெருக்கும் எண் 0.5. ஐந்துக்கு நான்கு வாங்கிய விளையாட்டு இரண்டில் நிற்கும்.

மற்றவர்களுக்கு எழுதும் பின்னூட்டத்தில் ‘சூப்பர்’ என்று மட்டும் போட்டால் பயனில்லை. எந்த லெவலில் நின்றீர்கள், எது புரியவில்லை, எந்த நொடி பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுதியவர் யார் என்று பார்க்க அவர்கள் உங்கள் பக்கத்துக்கு வருவார்கள். உங்களுக்கு வந்தவற்றில் தீர்வு சொல்லும் பின்னூட்டங்களைவிட, எங்கே மாட்டினேன் என்று சொல்பவை மதிப்பானவை. மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு நிச்சயம்.

கெடு முடிந்தபின் எதைத் திருத்தலாம் என்பது ஜாமுக்கு ஜாம் மாறும். விளையாட்டே தொடங்காத அளவுக்கான பக்கைத் திருத்தச் சிலர் அனுமதிப்பார்கள், புது லெவல் சேர்ப்பதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. மேம்படுத்திய வடிவத்தை ஏற்றுவதானால் வாக்களிப்பு முடியும்வரை காத்திருந்து, ஜாம் பதிப்பை நீக்காமல், தனிக் கோப்பாக வேறு பெயரில் அதே பக்கத்தில் சேருங்கள்.